கோப்பு மாற்றியும் கழற்றிப்போட்ட பிரிண்டரும்: மூன்றாண்டு அனுபவம்

நான் பயன்படுத்தும் கோப்பு மாற்றி மென்பொருளின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் அதில் வேர்டு கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்கி வருகிறேன், அதனால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வேலையில் குறை சொல்ல இடமில்லை. அட்டவணைக் கோடு விலகாது, அடிக்குறிப்பு அடுத்த பக்கத்துக்கு ஓடாது, எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். என் கோபம் முழுவதும் அந்த நாற்பது விநாடி மீதுதான்.

சென்ற ஆண்டு திடீரென்று ஒவ்வொரு கோப்பும் தொடங்குவதற்கே நாற்பது விநாடி எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கக் கடிதமானாலும் இருநூறு பக்க அறிக்கையானாலும் அதே நாற்பதுதான். கணினிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து ராம் நினைவகத்தை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கினேன். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தை மாட்டினேன். மற்ற எல்லாமே வேகமெடுத்தன; அந்த நாற்பது மட்டும் அசையவில்லை.

கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துப் பார்த்த அன்றுதான் உறைத்தது. மாற்றியின் முன்னேற்றத்தைக் காட்டும் பச்சைப் பட்டை பூஜ்யத்தில் நிற்கிறது. கணினிச் செயலியின் (சிபியு) பயன்பாடு இரண்டு சதவீதம், டிஸ்க் பயன்பாடு பூஜ்யம். வேலை பளுவில் திணறும் கணினி இப்படி இருக்காது; இது எதற்காகவோ காத்துக்கொண்டிருந்தது. சந்தேகத்தில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். கோப்பு உடனே மாறிவிட்டது.

காரணம் பிரிண்டர். தாளின் அளவு, ஓரம், வரியும் பக்கமும் முறியும் இடம் ஆகியவற்றைக் கணக்கிட இம்மாதிரி மென்பொருள்கள் இயல்புநிலை பிரிண்டரிடம் (வேறு எதையும் தேர்ந்தெடுக்காதபோது கணினி எடுத்துக்கொள்ளும் பிரிண்டர்) விவரம் கேட்பதுண்டு. என் கணினியில் இயல்புநிலையாக இருந்தது, பழுதாகி எப்போதோ கழற்றப்பட்ட நெட்வொர்க் பிரிண்டர். ஆளில்லாத வீட்டுக் கதவை நாற்பது விநாடி தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மென்பொருள் வேலையையே தொடங்கியிருக்கிறது. தாளில் அல்லாமல் பிடிஎஃப் கோப்பாக அச்சிடும் மெய்நிகர் பிரிண்டரை இயல்புநிலை ஆக்கியதும் கடிதம் நான்கு விநாடியில் முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து அதே நோய் திரும்பியது. வாங்கிய புது பிரிண்டரில் ஒரு தாள் அச்சிட்டு, அதை அணைத்து வைத்திருந்தேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இயல்புநிலை பிரிண்டரைத் தானே நிர்வகிக்கும் ஓர் அமைப்பு உண்டு. அது இயங்கினால் கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரே இயல்புநிலை ஆகிவிடும். அந்த அமைப்பை அணைத்துவிட்டு மெய்நிகர் பிரிண்டரை மீண்டும் தேர்ந்தெடுத்தேன். அன்றிலிருந்து தொல்லை இல்லை.

ஸ்கேன் செய்த படங்கள் நிறைந்த கோப்புகள் இன்றும் மெதுவாகத்தான் மாறுகின்றன. 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) படத்தில் அதே அளவுள்ள 300 டிபிஐ படத்தைப்போல நான்கு மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. செயலி உண்மையிலேயே உழைக்கிறது. அந்தத் தாமதத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். ‘பிரிண்டர் பதிலளிக்கவில்லை’ என்று திரையில் ஒரு வரி வந்திருந்தால் ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் செலவழித்திருக்க மாட்டேன். மென்பொருள் தயாரிப்பாளருக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன். போன வாரம் வந்த புதிய பதிப்பிலும் அந்த வரி இல்லை.