பசங்களுக்கான ஜிபிஎஸ் வாட்ச்: சாட்ஸ்வர்த்ல ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

என் பொண்ணுக்கு 6 வயசு, கிரேடு 1 போறா. சவுத் ஆப்பிரிக்கால, டர்பன்ல சாட்ஸ்வர்த் பக்கம் வாடகை வீடு, சாயங்காலம் ஆனா தெருப் பசங்க எல்லாம் ரோட்லதான். அவளுக்காக வாங்கினதுதான் இந்த வாட்ச், 1,100 ரேண்டு, சிம் தனி. புள்ள எங்க இருக்குன்னு போன்லயே பாத்துக்கலாம்னு நம்மாளுங்க நிறைய பேரு இத வாங்க யோசிக்கறீங்க, அதான் எழுதறேன்.

சிம்முக்கு ரைகா, அதாவது நம்ம பேர்ல சிம்ம பதிவு, பண்ணணும், பாஸ்போர்ட்டோட அட்ரஸ் ப்ரூஃபும் எடுத்துட்டு போங்க, இல்லன்னா ரெண்டு தடவ அலையணும். சார்ஜ் ஒரு நாள் நிக்குது. எஸ்ஓஎஸ் பட்டன அழுத்திப் புடிச்சா மூணு நம்பருக்கு வரிசையா கால் போகும், நான், அவங்க அப்பா, அப்புறம் பக்கத்து வீட்டு ஆயா. இது இதுவரைக்கும் ஒரு தடவகூட கால வாரல.

லொகேஷன் அப்படி இல்ல. வெட்டவெளில சரியா காட்டும், கூரைக்குக் கீழ போனா சேட்டிலைட் சிக்னல் கெடைக்காம பக்கத்து வைஃபை, டவர் எல்லாம் வெச்சு குத்துமதிப்பா ஒரு எடத்தக் காட்டும். ஒரு சனிக்கிழமை இங்க சாட்ஸ்வர்த்ல இருக்கற பங்களாதேஷ் மார்க்கெட்ல நிக்கறேன், அவ என் கையப் புடிச்சிட்டு பக்கத்துலயே நிக்கறா, ஆப்ல பாத்தா ரெண்டு தெரு தள்ளி இருக்கான்னு வருது. கரண்ட் ரொம்ப நேரம் போனா டவரே அவுட், 2023 லோட்ஷெடிங்ல இருந்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

அங்கயே கேட்டேன், தொலஞ்சு போனா என்னடி பண்ணுவ? வாட்ச அமுக்குவேன். அது வேல செய்யலன்னா? முழிச்சா. அப்புறம்தான் சொல்லிக் குடுத்தேன், ஓடாத, நின்ன எடத்துலயே நில்லு, அம்மான்னு கத்தாத, இங்க எல்லாரும் யாருக்காவது அம்மாதான், என் பேரச் சொல்லிக் கத்து, அப்பவும் நான் வரலன்னா பக்கத்துக் கடை ஆன்ட்டிகிட்ட சொல்லு. என் பேர சத்தமா சொல்ல அவளுக்கு ஒரே வெக்கம், மூணு தடவ சொல்ல வெச்சேன், டபுள் பீன்ஸ் விக்கறவங்க திரும்பிப் பாத்தாங்க, பாக்கட்டும்.

இன்னொன்னு, நம்ம போன்லேர்ந்து வாட்ச் மைக்க ரகசியமா ஆன் பண்ணி சுத்தி நடக்கறத கேக்கற வசதி சில வாட்ச்ல வருது, இதுலயும் இருக்கு. நான் மொத நாளே ஆஃப் பண்ணிட்டேன், அடுத்த வீட்டுப் பேச்ச ஒட்டுக் கேக்கற உரிமை நமக்கு யாரு குடுத்தா? ஜெர்மனில இப்படி ஒட்டுக் கேக்கற வாட்ச 2017லயே தடை பண்ணிட்டாங்க.

இப்ப முக்கியமான விஷயம். போன மாசம் ஒரு சாயங்காலம் ஆப்ல அவ இருக்கற எடத்தக் காட்டற புள்ளி எங்க வீட்டுமேலயே இருக்கு, நானும் நிம்மதியா சமைச்சிட்டு இருக்கேன். குக்கர் இறக்கிட்டு வெளிய வந்தா கேட் சுவத்துமேல வாட்ச் மட்டும் இருக்கு. புள்ளயக் காணோம். அந்த இருபது நிமிஷம் எனக்கு உசுரே இல்ல. காணாமப் போய் 24 மணி நேரம் ஆனாதான் போலீஸ்ல புகார் வாங்குவாங்கன்னு ஒரு பேச்சு இருக்கே, அது தப்பு, இங்க காத்திருக்கவே வேண்டாம், உடனே போலீஸ் நம்பர் 10111 அடிக்கலாம். நான் போன கையில எடுக்கவும் அவ வரவும் சரியா இருந்துச்சு, முட்டி வரைக்கும் சேறு. தெருக்கோடி வீட்டுப் பையன், 9 வயசு, "வாட்ச வெச்சிட்டு வா, ஓடைக்குப் போலாம், அம்மாகிட்ட சொல்லாத"ன்னு சொல்லிருக்கான். டர்பன்ல வந்த 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் ஓடைன்னாலே எனக்கு வயித்தக் கலக்கும்.

அடிக்கல. காலக் கழுவி விட்டு, சாப்பாடு குடுத்து, அப்புறம்தான் கேட்டேன், அவன்கூட விளையாடறப்ப எப்படிடா இருக்கும் உனக்கு? "விளையாட்டு நல்லா இருக்கும்மா, சொல்லாதன்னு சொல்றப்ப மட்டும் வயிறு டைட்டாயிடும்"னா. இத எந்த வாட்ச்சும் எனக்குச் சொல்லாது. பர்த்டே கிஃப்ட் மாதிரி நாலு நாள்ல தெரியப் போறது சர்ப்ரைஸ், அது ஓகே, எப்பவுமே அம்மாகிட்ட சொல்லாதன்னு யார் சொன்னாலும் அன்னிக்கே வந்து சொல்லணும், அது அங்கிளா இருந்தாலும் சரின்னு சொன்னேன். இங்க பெரியவங்க எல்லாரும் அங்கிள், ஆன்ட்டிதான், தெரியாதவங்ககிட்ட பேசாதன்னு மட்டும் சொன்னா கொழந்தைக்கு யாருமே தெரியாதவங்களா தோணாது, அதுவுமில்லாம கொழந்தைங்களுக்குத் தொந்தரவு குடுக்கறவங்கள்ல தெரிஞ்சவங்கதான் ஜாஸ்தி.

சொந்தக்காரங்க ஒருத்தர், அந்தப் பசங்களோடயே சேக்காதன்னாங்க. எனக்கு மனசு ஒப்பல. அந்தப் பையன் வீட்ல சாயங்காலம் யாரும் கெடையாது, ஆறரை மணி வரைக்கும் தெருதான் அவனுக்கு வீடு. எங்க முத்தத்துல, என் கண்ணு முன்னாடி விளையாடுங்கன்னு ரெண்டு பேரையும் உக்கார வெச்சு சொன்னேன். இப்ப தெனம் வரான், ரொட்டியும் சாப்பிடறான். இவளுக்குப் புடிக்கலன்னா "நான் வரல"ன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துடலாம், அதுக்கு யாருகிட்டயும் சாரி கேக்க வேண்டாம்னு பழக்கறேன். கொழந்தைங்க உதவிக்குக் கூப்பிடற சைல்ட்லைன் நம்பர் 116 ஃப்ரீ, அதையும் 10111ஐயும் ஃப்ரிட்ஜ்ல எழுதி ஒட்டிருக்கேன், பாட்டு மாதிரி ஒப்பிக்கறா.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். எஸ்ஓஎஸ் பட்டனுக்காக வாங்கலாம், புள்ளிய நம்பி சமையலறைல நிக்காதீங்க. ஸ்ட்ராப் பக்கிள் அதுக்குள்ள லூசாயிடுச்சு, டர்பன்ல சின்னப் புள்ளைங்க சைஸ்ல தனியா எங்க கெடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.