பாங்காக் கிராண்ட் பேலஸ்: 500 பாட் கொடுக்கலாம், ஆனால் எட்டரைக்கே போய்விடுங்கள்

பாங்காக் போகிறவர்கள் பலரும் கேட்பது, தாய்லாந்து அரசர்களின் அரண்மனையான கிராண்ட் பேலஸுக்கு வெளிநாட்டவர் டிக்கெட் 500 பாட் (தாய்லாந்துப் பணம்) என்கிறார்களே, அவ்வளவு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று. என் பதில், கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஆனால் பத்தரை மணிக்கு மேல் சுற்றுலா பஸ் கூட்டத்தோடு உள்ளே போய், வெயிலில் வெந்து, நாலு போட்டோ எடுத்துவிட்டு வெளியே வருவதாக இருந்தால் அந்தப் பணத்துக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு படகில் சுற்றலாம். காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள், மாலை மூன்றரைக்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். திறக்கும்போதே வாசலில் நின்றால் முதல் ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பார்க்கலாம்.

போவதற்கு எளிய வழி எம்ஆர்டி மெட்ரோ ரயிலின் நீலத் தடம், சனாம் சாய் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். இல்லையென்றால் சாவ் ப்ரயா ஆற்றுப் படகில் தா சாங் துறை, எனக்கு அதுதான் பிடித்தது, டிராஃபிக் தொல்லை இல்லை, காற்றும் வரும். வாசலுக்கு வெளியே ஒரு ஏமாற்று வேலை பல வருடங்களாக நடக்கிறது. நன்றாக உடுத்திய ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, விசேஷ பூஜை, மதியம்தான் திறப்பார்கள்" என்பார். கூடவே ஒரு துக்துக், நம்மூர் ஆட்டோ மாதிரி, தயாராக நிற்கும், மிகக் குறைந்த காசுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லி நேராக நகைக்கல் கடையிலோ தையல் கடையிலோ கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். எங்களிடமும் ஒருவர் இதே கதையைச் சொன்னார், நாங்கள் பேசாமல் நடந்தோம், ஐந்து நிமிடத்தில் வாசல் திறந்தே இருந்தது. அரச விழாக்களுக்காகச் சில நாள் சில பகுதிகளை மூடுவது உண்மைதான், அதை முதல் நாளே அரண்மனையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

உடை விஷயத்தில் கண்டிப்பு அதிகம். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை, கிழிந்த ஜீன்ஸ், உடம்பு தெரியும் மெல்லிய துணி, காலோடு ஒட்டிய லெக்கிங்ஸ் எதுவும் கூடாது. ஆண்களும் முழு பேன்ட் போட வேண்டும். சுடிதார் சரியாக இருக்கும். சேலை கட்டுகிறவர்கள் தோளும் இடுப்பும் தெரியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். சால்வையைப் போர்த்தினால் போதுமே என்று கையில்லாத சட்டையோடு போகாதீர்கள், கை வைத்த சட்டையே போட்டுக்கொண்டு போங்கள். வெளியே பேன்ட், பாவாடை எல்லாம் விற்கிறார்கள், ஆனால் அங்கே பேரம் பேசி வீணாகும் நேரம்தான் காலையின் நல்ல நேரம்.

உள்ளே போனதும் முதலில் வாட் ப்ரா கேயோ, மரகத புத்தர் கோயில் (வாட் என்றால் கோயில்). 1782ல் அரசர் முதலாம் ராமா தலைநகரைத் தோன்புரியிலிருந்து ஆற்றின் இந்தக் கரைக்கு மாற்றியபோது அரண்மனையும் கோயிலும் சேர்ந்தே எழும்பின. சிலையின் உயரம் சுமார் 66 சென்டிமீட்டர்தான், அதுவும் உயரமான தங்க மேடை உச்சியில் இருக்கிறது. பெரிய சிலையை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தரையில் உட்காருங்கள். கண் அந்த மங்கிய வெளிச்சத்துக்குப் பழகியதும் பச்சைக் கல்லும் மேலே போர்த்திய பொன்னாடையும் தெரியும். கோடை, மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கும் தனித்தனி ஆடை, பருவம் மாறும்போது அரசரே அதை மாற்றுவது வழக்கம். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது, செருப்பை வெளியே விட வேண்டும், காலை நீட்டி உட்காரக் கூடாது. பாதம் புத்தரைப் பார்த்தபடி இருப்பது அங்கே பெரிய அவமரியாதை, அதனால் கால்களை ஒருபக்கமாக மடித்துப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது கோயிலைச் சுற்றி ஓடும் பிராகாரச் சுவரில்தான். 178 ஓவியங்களில் ராமாயணம் முழுவதும் இருக்கிறது, தாய்லாந்தில் அதற்கு ராமகியன் என்று பெயர். வடக்குப் பக்கம், சீதையை ஜனகர் கண்டெடுக்கும் ஓவியத்தில் தொடங்கி வலமாக நடக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் நடுவில் எங்காவது நுழைந்துவிட்டு ஏதோ போர்க்காட்சி என்று கடந்துபோகிறார்கள். கதை தெரிந்த நமக்கு ஒவ்வொரு இடத்திலும் ஆச்சரியம் காத்திருக்கிறது. இவர்கள் கதையில் சீதை ராவணனின் மகள். அனுமன் வெள்ளை நிறம், பிரம்மச்சாரியும் இல்லை, சேதுவைக் கட்டும்போது கல்லைத் திருடும் மீன்கன்னியைத் துரத்திப்போய் அவளிடமே காதலில் விழுகிறான், அவளும் ராவணன் மகள்தான்! ராமனைக் காப்பாற்ற அனுமன் மலைபோல் வளர்ந்து ராமன் இருக்கும் கூடாரத்தையே வாய்க்குள் வைத்துக்கொள்ளும் ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் ராமாயணத்தை ஒருமுறை சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள், பிறகு அவர்களே உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள். வாயில்களில் காவல் நிற்கும் பெரிய அரக்கர்களில் பத்துத் தலை பச்சை ராவணனும் உண்டு.

அரண்மனைப் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சக்ரி மகா பிரசாத் கட்டடம் பார்க்க அழகு, கீழே ஐரோப்பிய பாணி, மேலே தாய்லாந்துக் கூரை, ஆனால் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். அங்கே நிழலும் குறைவு, குடையும் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள், ஏப்ரலில் தாங்கவே முடியாது.

துறவிகளைப் பற்றி ஒன்று. பெண்கள் அவர்களைத் தொடக் கூடாது, பொருளை நேராகக் கையில் கொடுக்கவும் கூடாது, படகிலும் சற்றுத் தள்ளியே உட்காருங்கள். அரச குடும்பத்தைப் பற்றிக் கிண்டலாகப் பேசுவது, எழுதுவது எல்லாம் அங்கே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். புத்தர் சிலைமேல் ஏறியோ முதுகைக் காட்டி விளையாட்டாகவோ போட்டோ எடுக்காதீர்கள், பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். வழிபாடு நடக்கும் கோயில் அது.

பேலஸிலிருந்து நடந்தே வாட் ஃபோ போகலாம், டிக்கெட் 300 பாட். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரின் பாதத்தில் முத்துச்சிப்பியில் இழைத்த 108 மங்கலச் சின்னங்கள் இருக்கின்றன, தலையைப் பார்த்ததும் திரும்பிவிடாமல் கால்மாட்டுக்கும் போங்கள். மூன்றாம் ராமா காலத்தில் மருத்துவம், மசாஜ் எல்லாம் கல்லில் பொறித்து வைத்த இடம் இது, இன்றும் உள்ளேயே மசாஜ் பள்ளி நடக்கிறது. காலெல்லாம் வலிக்கிற அந்த மதியத்தில் கால் மசாஜுக்குக் கொடுத்த காசு எனக்கு மிக நியாயமாகத் தோன்றியது.

அப்புறம் வாட் அருண். தா தியென் துறையிலிருந்து சில பாட் கொடுத்தால் படகு எதிர்க்கரைக்குக் கொண்டுபோய்விடும், இதற்கென்று தனிப் படகு பிடித்துத் தருகிறேன் என்பவர்களை விட்டு விலகுங்கள். கோபுரத்தில் பதித்த பீங்கான் பூக்கள் கிட்டே போனால்தான் தெரியும். படி மிகச் செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் கீழே இருந்தே ரசிக்கலாம். மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முடியும், ஆனால் பெரியவர்கள் கூட இருந்தால் வாட் அருணை மறுநாள் மாலைக்குத் தள்ளிவையுங்கள்.

பேலஸ் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வளாகத்திலேயே இருக்கும் ராணி சிரிகிட் ஜவுளி அருங்காட்சியகத்துக்கும், வார நாட்களில் சாலா சலெர்ம்க்ருங் அரங்கில் நடக்கும் கோன் முகமூடி நடனத்துக்கும் அதே டிக்கெட்தான். அந்த நடனத்தில் வருவதும் ராமகியன் கதைதான், காலையில் சுவரில் பார்த்தவர்கள் மேடையில் வந்து ஆடுவார்கள்.