பாடநூலும் விடை தரும் கருவியும்: எதில் கற்றது நிலைக்கிறது?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது முதல், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பாடநூலின் இடத்தைப் பிடித்துவிடுமா என்ற விவாதம் ஓயவில்லை. இரண்டையும் ஒப்பிடுவோரில் பலர், கருவி கையில் இருக்கும்போது மாணவர் எத்தனை கணக்குகளைச் சரியாகப் போடுகிறார் என்பதையே அளக்கிறார்கள். ஆனால் கருவியை அவரிடமிருந்து எடுத்துவிட்ட பிறகு அவருக்குள் என்ன எஞ்சியிருக்கிறது என்பதைத்தான் அளக்க வேண்டும்.

இவ்வகையில் அளந்த ஆய்வு ஒன்று உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களைக் கொண்டு நடத்தி, 2024இல் வெளியிட்ட கணித ஆய்வு அது. ஒரு பிரிவினர் பாடநூலையும் குறிப்பேட்டையும் மட்டும் வைத்துப் பயிற்சி செய்தனர். இரண்டாம் பிரிவினருக்கு வழக்கமான உரையாடல் கருவி தரப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்புகளை மட்டும் தரும்படி ஆசிரியர்களின் உதவியுடன் வடிவமைத்த கருவி தரப்பட்டது. பயிற்சியின்போது, பாடநூல் பிரிவைவிட இரண்டாம் பிரிவு 48 விழுக்காடும் மூன்றாம் பிரிவு 127 விழுக்காடும் கூடுதலாகச் சாதித்தன. பிறகு எந்த உதவியும் இல்லாமல் தேர்வு நடந்தபோது, இரண்டாம் பிரிவினர் பாடநூல் பிரிவினரைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். மூன்றாம் பிரிவினர் பின்தங்கவில்லை என்பது உண்மை. ஆனால் பாடநூல் பிரிவைக் குறிப்பிடத்தக்க அளவில் முந்தவும் இல்லை. 127 விழுக்காட்டை மட்டும் எடுத்துக் காட்டி விளம்பரம் செய்வோர் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை. குறைவாகக் கற்ற மாணவர்கள் தாங்கள் குறைவாகக் கற்றதை உணரவும் இல்லை என்பதுதான் எனக்கு அதைவிடக் கவலையளிக்கிறது.

எதிர்த்தரப்புக்கும் சான்று உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2023இல் இயற்பியல் மாணவர்களிடம் நடந்த ஆய்வில், கவனமாக வடிவமைத்த செயற்கை நுண்ணறிவுப் பயிற்றுநருடன் படித்தவர்கள், வகுப்பறையில் கலந்துரையாடிக் கற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல் முன்னேற்றம் காட்டினர். அங்கே ஒப்பிடப்பட்டது வகுப்பறையோடு, பாடநூலோடு அன்று. கருவியும் ஆசிரியர்களே படிப்படியாக நெறிப்படுத்தியது.

பாடநூலைப் புனிதப்படுத்தவும் காரணமில்லை. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினாலும், ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததைத் தாமே நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களிடம் தோற்றனர் என்பதை உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. கண்ணுக்குப் பழகிய வரியைப் புரிந்துவிட்டதாக எண்ணும் மயக்கத்தை நூலும் தரும், திரையும் தரும்.

பாடநூலின் உண்மையான வலிமை அதன் வரிசைமுறையில் இருக்கிறது. எதை முதலில் அறிய வேண்டும், எது அதன்மேல் நிற்கும் என்பதைப் பாடம் அறிந்தவர்கள் முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்கள். உரையாடல் கருவியோ கேட்டதற்குத்தான் விடை சொல்லும். ஒரு துறைக்குள் புதிதாக நுழைபவருக்குத் தமக்குத் தெரியாதது எது என்பதே தெரியாது என்பதால், கேட்க வேண்டிய கேள்வியும் அவருக்குத் தோன்றாது. கருவி தவறான விடையையும் சரியான விடைக்குரிய அதே உறுதியோடு சொல்வதால், அதைக் கண்டுபிடிக்கும் திறனும் அவரிடம் இருக்காது.

மாறாக, தவறு நிகழ்ந்த இடத்தில் பாடநூல் ஊமை. அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது, உள்ளே இருந்த −5ஐ வெளியே இருந்த −2ஆல் பெருக்கி +10 என எழுத வேண்டிய மாணவர் −10 என எழுதிவிட்டால், விடை பொருந்தவில்லை என்பது மட்டுமே நூலிலிருந்து அவருக்குத் தெரியும். எந்த வரியில் குறி மாறியது என்பதை, அவர் எழுதிய வழிமுறையைப் பார்த்துச் சுட்டிக்காட்டக் கருவியால் முடியும்.

ஆகவே முதல் வாசிப்புக்கும் முதல் முயற்சிக்கும் நூலையும், முயன்று தவறிய பிறகு கருவியையும் நான் பரிந்துரைப்பேன். விடையை உடனே தராத கற்றல் முறையைச் சாட்ஜிபிடி 2025இல் அறிமுகப்படுத்தியது. ஆனால் அதை அணைத்துவிட ஒரு சொடுக்குப் போதும். பாடநூலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுவதும் எளிதுதான், ஆனால் பெரும்பாலும் அங்கே இருப்பது விடை மட்டும். வழிமுறையை மாணவரே எழுதியாக வேண்டும்.