இசிம் வாங்க முதல் போனைப் பாருங்கள்: அம்மாவின் சிங்கப்பூர்ப் பயணத்தில் நடந்தது

கல்லடியில் இருந்து எழுதுகிறேன். வெளிநாடு போகும் அம்மா அப்பாவுக்கு இங்கே கடையில் இசிம் (அட்டை இல்லாமல், கியூஆர் கோடை ஸ்கேன் செய்து போனுக்குள்ளேயே பதியும் சிம்) வாங்கிக் கொடுக்க யோசிப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

தங்கச்சிக்கு சிங்கப்பூரில் பிள்ளைப்பேறு. அம்மா தனியாகப் போக வேண்டியிருந்தது. அவருக்கு 66 வயது, முதல் விமானப் பயணம். இறங்கியதும் ஒரு கோல் எடுக்க வசதி இருந்தால் போதும் என்றுதான் மட்டக்களப்பு நகரில் ஒரு கடைக்குப் போனேன். 15 நாளைக்கான இசிம் 5,400 ரூபா என்றார்கள். அம்மாவின் போன் சாம்சங் எஸ்21. கொரியாவில் வேலை செய்யும் தம்பி கொண்டுவந்து கொடுத்தது. போனைக் கையில் நீட்டினேன். கடைப் பொடியன் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"எஸ்21தானே அண்ணன், கட்டாயம் வேலை செய்யும். ஆனா இப்ப போடாதீங்க, நாள் ஓடத் தொடங்கிரும். அங்க இறங்கினாப் பிறகு ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க."

நம்பினேன். வட்ஸ்அப்பில் வந்த கியூஆர் கோடைக் கலரில் பிரிண்ட் எடுத்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்து, எப்படி ஸ்கேன் செய்வதென்று அம்மாவுக்கு மூன்று தரம் காட்டிக் கொடுத்தேன். எங்கள் ஊர் சிம்முக்கு ரோமிங் போடவில்லை. இசிம் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அன்றிரவு எங்கள் நேரம் ஒன்பது மணி, அங்கே பதினொன்றரை. விமானம் இறங்கிவிட்டது. அம்மாவிடம் இருந்து ஒன்றும் இல்லை. மச்சான் ஒரு வாசலில் நிற்கிறார், அம்மா வேறொரு வாசலால் வந்து கதிரையில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் அது தெரியாது. நிறைமாதத் தங்கச்சி வீட்டில் இருந்து அழுகிறாள். ஒரு மணி நேரமும் நாற்பது நிமிடமும் இப்படியே போனது. கடைசியில் அங்கே துப்புரவு வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்து விசாரித்து, தன் போனில் தங்கச்சிக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். அம்மா ஒரு சின்னக் கொப்பியில் நம்பர்களை எழுதிக் கொண்டுபோயிருந்தார். அதை எழுதச் சொல்லி நான் சொல்லவில்லை, அவராகவே எழுதியது. அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

பிறகு என்னோடு பேசியபோது அம்மா சொன்னது ஒன்றுதான். "மனே, நீ காட்டின மாதிரித்தான் செஞ்சன். ஒண்டுமே வரல்ல."

அடுத்த நாள் தங்கச்சி வீடியோவில் போனைக் காட்டினாள். சிம் மேனேஜருக்குள் இசிம் சேர்க்கும் இடமே இல்லை. *#06# அடித்தால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ இலக்கம் மட்டும் வந்தது. இசிம் உள்ள போனில் அதோடு ஈஐடி என்று 32 இலக்கங்கள் கொண்ட நீண்ட எண் ஒன்றும் வரும். மாடல் எண்ணைப் பார்த்தால் எஸ்எம்-ஜி991என். கடைசியில் உள்ள அந்த 'என்' கொரியச் சந்தைக்காகச் செய்தது என்று அர்த்தம். இணையத்தில் உள்ள பட்டியல்களில் எஸ்21 இசிம் போன் என்றுதான் இருக்கும், அது பொய்யும் இல்லை. ஆனால் கொரியாவின் மூன்று பெரிய தொலைபேசி நிறுவனங்களும் இசிம் கொடுக்கத் தொடங்கியது 2022 செப்டெம்பரில்தான். அதற்கு முன் வந்த எஸ்21 போன்ற கொரிய மாடல்களில் அந்த வசதி வைக்கப்படவில்லை. ஒரே பெயர், ஒரே தோற்றம், உள்ளே வேறு. நம் பகுதியில் எத்தனை வீட்டில் கொரியாவில் இருந்து வந்த போன் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

ஐபோனிலும் இது இருக்கிறது. எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் தொடங்கி இசிம் உண்டு என்பார்கள். ஆனால் சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும் செய்த பல மாடல்களில் இரண்டு சாதாரண சிம் போடத்தான் இடம். ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி லொக் செய்த போன் இன்னொரு பிரச்சினை. ஐபோனில் ஜெனரல், அபௌட் என்று போய் கேரியர் லொக் என்ற இடத்தில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். அந்த லொக்கை ஏமாற்ற சிம்முக்கு அடியில் மெல்லிய சிப் வைத்து ஓட்டும் போன் என்றால் இசிம்முக்குக் காசு கட்டவே வேண்டாம்.

கடைக்காரர் சொன்ன இன்னொரு விஷயமும் பிழை. பெரும்பாலான பயண இசிம்களில் நாள் ஓடத் தொடங்குவது அந்த நாட்டு நெட்வொர்க்கில் இணைந்த பிறகுதான். இறக்கிப் பதியவே இணையம் வேண்டும். வீட்டு வைஃபையில் இங்கேயே பதிந்திருந்தால் போன் ஏற்காது என்பது அன்றே தெரிந்திருக்கும். வாங்கும்போதே நாள் எப்போது தொடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள், பிறகு வீட்டிலேயே பதியுங்கள். அங்கே இறங்கியதும் அந்த இசிம்முக்கு டேட்டா ரோமிங்கை ஒன் செய்தால் சரி. அநேகமாக இவற்றில் டேட்டா மட்டும்தான், பேச நம்பர் கிடையாது. வங்கி ஓடிபி ஊர் சிம்முக்குத்தான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அங்கே என்ன நெட்வொர்க் ஓடுகிறது என்றும் பாருங்கள். சிங்கப்பூரில் 2ஜி 2017 இலும், 3ஜி 2024 இலும் மூடியாகிவிட்டது. பழைய பட்டன் போனில் அந்த நாட்டு சிம்மையே போட்டாலும் சிக்னல் வராது. அம்மாவின் போன் 4ஜி, 5ஜி இரண்டிலும் ஓடும் என்பதால் மச்சான் வாங்கிக் கொடுத்த சாதாரண சிம் உடனே வேலை செய்தது.

காசைக் கேட்டுக் கடைக்குப் போனேன். "கியூஆர் குடுத்தாச்சு அண்ணன், திருப்பி எடுக்க ஏலாது" என்றார்கள். அது எந்தப் போனிலும் பதியப்படவில்லை, அம்மாவின் போனில் பதியவும் முடியாது என்றேன். போனைப் பார்க்காமல் கட்டாயம் வேலை செய்யும் என்று சொன்னது யார் என்றும் கேட்டேன். முதலாளி இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு போனையும் எடுப்பதில்லை. பில் தரவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. நீங்கள் கட்டாயம் வாங்குங்கள். அதில் போனின் மாடல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லிவிட்டேன். வட்ஸ்அப் செய்திகளையும் அந்தக் கலர் பிரிண்டையும் சேர்த்து எழுத்தில் முறைப்பாடும் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இதன் கீழே எழுதுகிறேன்.