யூடியூப்ல வீடியோ போட்டா காசு வருமா? காரைக்குடி பக்கத்துலேர்ந்து ஒரு ரிவ்யூ

வரும். ஆனா மெதுவா வரும், இத நம்பி வேலைய விட்டுட்டு உக்காந்தா கஷ்டம். நம்ம பக்கம் யாரு சேனல் ஆரம்பிச்சாலும் ஒடனே புதுக்கோட்டை வில்லேஜ் குக்கிங் சேனலத்தான் காட்டுவாக, 2018ல ஆரம்பிச்சு 2021ல ஒரு கோடி சப்ஸ்கிரைபர் ஆயிட்டாங்கல்ல, அதுமாரி நமக்கும் ஆகும்னு. அது லட்சத்துல ஒண்ணு சார். நான் சொல்றது பலகாரம், பழைய வீடு, தரையில பதிக்கிற ஆத்தங்குடி கல்லுனு செல்போன்ல எடுத்துப் போடுற என்ன மாதிரி ஆளுக்கு.

விளம்பரக் காசு வேணும்னா 1000 சப்ஸ்கிரைபர், அதோட கடைசி 12 மாசத்துல 4000 மணி நேரம் சனங்க பாத்திருக்கணும், இல்லாட்டி 90 நாள்ல ஷார்ட்ஸ்ங்குற குட்டி வீடியோ ஒரு கோடி வியூ போயிருக்கணும். 4000 மணின்னா 2,40,000 நிமிஷம். ஒரு தடவைக்கு 3 நிமிஷம் ஓடுதுன்னு வச்சா 80,000 வியூ. ஷார்ட்ஸ் ஃபீட்ல ஓடுற நேரம் இந்தக் கணக்குல சேராது, இது தெரியாம பயலுக முப்பது செகண்டு வீடியோவா போட்டுத் தள்ளுறாங்கெ. 500 சப்ஸ்கிரைபர்லயே உள்ள விடுற ஏற்பாடு 2023ல வந்துச்சு, ஆனா அதுல மெம்பர்ஷிப், சூப்பர் தேங்க்ஸ்னு பாக்குறவுக குடுக்குறதுதான், விளம்பரம் கிடையாது.

பங்கு விஷயத்துல எனக்கு குறை இல்ல. பெரிய வீடியோ விளம்பரத்துல 55 சதவீதம் நமக்கு. ஷார்ட்ஸ்ல 45, அதுவும் எல்லார் காசையும் ஒண்ணா போட்டுப் பிரிக்கிறது, கைக்கு வர்றது சில்லறதான்.

எது ஓடுதுங்குறீங்களா? எங்க அப்பத்தா வெள்ளைப் பணியாரம் சுட்டது. தம்ளர்ல பச்சரிசிய தலைதட்டி எடுத்து அது மேலயே உளுந்த கோபுரமா குமிச்சு அளப்பாக, ஊறவச்சு வெண்ணெயா ஆட்டி, ஒரு கரண்டி மாவ காயுற எண்ணெயில ஊத்துனா அப்படியே மேல எழும்பி ஓரம் சிவக்காம வெள்ளையா வரும், ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான். இத நான் வெட்டாம முழுசா போட்டேன். சிங்கப்பூர், மலேசியால இருக்க நம்மாளுக கடைசி வரைக்கும் பாத்துருக்காக, அந்த நாட்டு வியூவுக்கு இங்க உள்ளத விட விளம்பர ரேட்டு ஜாஸ்தி. "சோலி இல்லாதவனாடா இதப் பாக்குறான்?"னு அப்பத்தா கேட்டாக, காசு வந்துச்சுன்னதும் அடுத்து கந்தரப்பம் எடுப்போமான்னு அவுகளே கேக்குறாக.

காசு வாங்குற வேலைதான் கொஞ்சம் இழுவை. கணக்குல 10 டாலர் சேந்ததும் ஆட்சென்ஸ்லேர்ந்து, அதான் விளம்பரக் காச நமக்கு அனுப்புற கூகுள் கணக்கு, பின் நம்பர் தபால்ல வரும், அட்ரஸ்ல தெரு பேர ஒழுங்கா போடுங்க. 100 டாலர் சேராம ஒரு பைசா வெளிய வராது, சேந்துச்சுன்னா மறு மாசம் 21லேர்ந்து 26க்குள்ள அனுப்பிருவான். அமெரிக்க வரி ஃபாரத்த மறக்காம நிரப்பிருங்க, நிரப்புனா அமெரிக்கால பாத்த வியூ காசுல மட்டும் 15 சதவீதம் பிடிப்பு, விட்டுட்டா உலகம் பூரா வந்த மொத்த வருமானத்துலயும் 24 சதவீதம் வரைக்கும் போயிரும்.

பாட்டு விஷயம் இன்னொண்ணு. குன்றக்குடி பங்குனி உத்திரத்த எடுக்குறீங்க, பின்னாடி ஸ்பீக்கர்ல சினிமா பாட்டு ஓடுது, அந்த வீடியோ காசு பாட்டு உரிமை வச்சிருக்கவனுக்குப் போக வாய்ப்பு இருக்கு, நாதஸ்வரம் மட்டும் கேக்குற எடமா பாத்து நில்லுங்க.

என் மார்க்கு 5க்கு 3.5. வீட்ல சமைக்கத் தெரிஞ்ச பெரியவுக யாராச்சும் இருந்து, பொறுமையும் இருந்தா தாராளமா ஆரம்பிக்கலாம். 4000 மணி நேரம் வாங்கித் தர்றேன்னு வாட்ஸ்அப்ல வர்றவனுக்கு மட்டும் காசு குடுத்துராதீங்க, பொய் வியூன்னு தெரிஞ்சா கழிச்சு விட்டுருவாங்கெ, சேனலே கூட போயிரும்.