156.25 மெகாஹெர்ட்ஸ் கிளாக் சிப்பில் போன 46,000 ரூபாய்: 10ஜி (நொடிக்கு 10 கிகாபிட்) நெட்வொர்க் போர்டு செய்பவர்கள் கவனத்துக்கு

உதிரிபாகம் விற்கும் ஓர் ஆன்லைன் தளம், புரோகிராம் செய்தே தருகிறோம் என்று 46,000 ரூபாய்க்கு அனுப்பிய கிளாக் ஜெனரேட்டர்கள் (போர்டுக்குத் துடிப்பு தரும் சிப்கள்) அத்தனையும் வீண்.

கேட்டது இதுதான்: 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலிலிருந்து 156.25 மெகாஹெர்ட்ஸ், எல்விடிஎஸ் (இரட்டைக் கம்பி சிக்னல்) அவுட்புட், 12 கிலோஹெர்ட்ஸ் முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்தால் 0.5 பிகோசெகண்ட் ஆர்எம்எஸ்-க்குள் ஜிட்டர், அதாவது துடிப்பு நேரத்தின் தடுமாற்றம். அவர்களுடைய இன்ஜினியர் போனிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: "25 பெருக்கல் 100, விசிஓ 2500. 16-ஆல வகுத்தா 156.25. முழு எண் சார், ஸ்பர் பயமே வேண்டாம்." (விசிஓ என்பது சிப்புக்குள் ஓடும் வேகமான ஆஸிலேட்டர், ஸ்பர் என்பது கூடவே ஒட்டிவரும் வேண்டாத அதிர்வெண்.) கணக்கு அப்பழுக்கில்லாதது. கூடவே ஜிட்டர் 0.3 பிகோசெகண்ட் என்று காட்டும் ஒரு ஃபேஸ் நாய்ஸ் அளவீட்டுப் படம். அந்த நம்பிக்கையில்தான் பணம் போனது.

போர்டில் லிங்க் வந்தது, சிஆர்சி எரர் (டேட்டா கெட்டு வந்ததன் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனது. அதே இடத்தில் தனி 156.25 ஆஸிலேட்டரைக் கொடுத்ததும் எரர் நின்றுவிட்டது. அனலைசரில் அளந்தால் 1.9 பிகோசெகண்ட். ஐ2சி இணைப்பு வழியாக சிப்பின் ரெஜிஸ்டரை (உள் அமைப்பு மதிப்புகளை) படித்ததும் விஷயம் புரிந்தது: விசிஓ 2400-இல் ஓடுகிறது. வேறு யாருக்கோ எழுதிய கான்ஃபிகரேஷன். அந்த வேறு யாருக்கோ தேவையான 133.333 அதில் 18-ஆல் சுத்தமாக வருகிறது. அதே 2400-இலிருந்து நமக்கு வேண்டிய 156.25-க்கு வகுத்தி 15.36, அதாவது பின்னம். ஸ்பர் முழுக்க அங்கிருந்துதான். ஓடிபி-யில் (ஒரே முறை மட்டும் எழுதக்கூடிய மெமரியில்) எரித்திருப்பதால் அழிக்கவும் முடியாது.

அந்தப் படம்? பெரிதாக்கினால் மூலையில் மங்கலாக 1.875 முதல் 20 மெகாஹெர்ட்ஸ். 1.875-க்குக் கீழே இருக்கும் நாய்ஸையெல்லாம் விட்டுவிட்டு எடுத்த 0.3.

கேட்டால் முதலில் "உங்க லேஅவுட், பவர் சப்ளை ஃபில்டர் பாருங்க" என்றார்கள். ரெஜிஸ்டர் டம்ப் அனுப்பியதும் "சால்டர் பண்ணின பார்ட்டுக்கு ரிட்டர்ன் கிடையாது". மிச்சம் பிரிக்காத ரீலில் இருக்கிறதே என்றால், "புரோகிராம் பண்ணின பார்ட் கஸ்டம் ஆர்டர் சார்". இப்போது அந்த இன்ஜினியர் போனையே எடுப்பதில்லை. 46,000 ரூபாய்!

வாங்கப் போகிறவர்கள் ஜிட்டர் எண்ணைக் கேட்டால் போதாது, எந்த அதிர்வெண் எல்லைக்குள் அளந்தது என்று எழுத்தில் வாங்குங்கள். சைக்கிள்-டு-சைக்கிள் ஜிட்டரை (அடுத்தடுத்த இரு துடிப்புகளின் வித்தியாசத்தை) காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பிஹெச்ஒய் (நெட்வொர்க் சிக்னலை அனுப்பிப் பெறும் சிப்) கேட்பது அதை அல்ல. ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் (அதிர்வெண்ணை வேண்டுமென்றே அசைக்கும் வசதி) அணைந்திருக்க வேண்டும். கான்ஃபிகரேஷன் ஃபைல் கைக்கு வந்து, விசிஓ, வகுத்தி இரண்டையும் நீங்களே பார்க்கும்வரை ஓடிபி எரிக்க விடாதீர்கள். முதலில் இரண்டே சிப் வாங்கி அளந்து பாருங்கள், அதற்கு முன் முழுப் பணத்தையும் அனுப்பவே அனுப்பாதீர்கள்.