பனையா, சபாலா, வாஷிங்டோனியாவா: கடலோரத் தோட்டத்துக்கு எது?

ஓலை விசிறியாக விரிந்திருந்தால் போதும், எந்த மரத்தையும் பனை என்று சொல்லிவிடுகிறோம். நம்ம ஊர்ப் பனை, அதே குடும்பத்து வெளிநாட்டு மரங்களான சபால், வாஷிங்டோனியா ஆகிய இந்த மூன்றையும் கன்றாகப் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணும் தடுமாறும். தலையைப் பார்க்காதீர்கள், மட்டையைத் தடவிப் பாருங்கள்.

பனை மட்டையின் ஓரத்தில் கருக்கு இருக்கும்: கறுத்து, சின்னதும் பெரியதுமாக, ஒழுங்கில்லாத ரம்பப் பல். ஒருமுறை கையைக் கிழித்துக்கொண்டவருக்கு ஆயுசுக்கும் மறக்காது. வாஷிங்டோனியாவுக்கு பூனை நகம் போல வளைந்த முள். சபால் மட்டையோ வழவழவென்று இருக்கும், முள்ளே கிடையாது. வெள்ளை நூல் தொங்கினால் வாஷிங்டோனியா என்று சிலர் முடிவு கட்டுவார்கள். சபால் ஓலையிலும் நூல் உண்டு, நம்பாதீர்கள். சபாலில் மட்டையின் நடுநரம்பு ஓலைக்குள் வெகுதூரம் ஓடி, வில்லாகக் கீழே வளையும். அதனால் ஓலை தட்டையாக விரியாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

வளர்ச்சியில் வாஷிங்டோனியாவை மற்ற இரண்டும் எட்டிப் பிடிக்க முடியாது. அதன் கவர்ச்சியே அதுதான். ஆனால் உப்புக்காற்றை ஓரளவுக்குத்தான் தாங்கும். கடலைப் பார்த்த முதல் வரிசையில் வைத்தால் ஓலை கருகும். காய்ந்த ஓலை உதிராமல் பாவாடை போலத் தொங்கி எலிகளுக்கு வீடாகும். மரம் 20 மீட்டரைத் தாண்டிய பிறகு ஏறிக் கழிப்பது யார்?

பனைக்கு அவசரமே கிடையாது. விதை முளைத்ததும் மேலே வராது. ஒரு குழலை மண்ணுக்குள் இறக்கி, அங்கே கிழங்கைக் கட்டி, அதற்குப் பிறகுதான் குருத்து தலைகாட்டும். ஆகவே தொட்டியில் வளர்த்து மாற்றி நடும் ஆசையை விட்டுவிட்டு, நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதையுங்கள். ஆணா பெண்ணா என்பது பாளை விடும்போதுதான் தெரியும், அதற்கு 12 முதல் 20 வருடம். வடலி (இளம்பனை) பருவத்தைத் தாண்டிவிட்டால் உப்புக்காற்று, வறட்சி, புயல் எதற்கும் அசையாது. உறைபனி மட்டும் ஆகாது.

உறைபனி விழும் கடற்கரை என்றால் யோசிக்கவே வேண்டாம், சபால்தான். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் உப்பையும் சூறாவளியையும் தின்று வளர்ந்த மரம். தண்டு நார்நாராக மெத்தென்று இருக்கும். 1776-இல் தென் கரோலினாவில் இந்தத் தண்டுகளை அடுக்கிக் கட்டிய கோட்டைச் சுவரில் பீரங்கிக் குண்டுகள் பட்டு, பிளக்காமல் அமுங்கிப்போயின. புயலில் முறியாமல் வளைந்து கொடுப்பதும் இந்த நாரின் குணம்தான்.

என் ஓட்டு? பனி இல்லாத ஊர், சொந்த நிலம், பொறுமை மூன்றும் இருந்தால் பனை. ஒன்று குறைந்தாலும் சபால். அதையும் தண்டு விட்ட மரமாகப் பார்த்துக் கொண்டுவந்து நடுங்கள். தண்டு விடாத கன்று பெயர்த்தால் பிழைப்பது அரிது. பெயர்க்கும்போது வெட்டுப்பட்ட வேர் ஏறக்குறைய எல்லாமே காய்ந்துவிடும். தண்டின் அடியிலிருந்து புதுவேர் கிளம்ப வேண்டும். அதனால்தான் ஓலையை எல்லாம் கழித்து மொட்டையாக நடுகிறார்கள். முட்டுக் கொடுத்து மாதக்கணக்கில் தண்ணீர் விட வேண்டும். பட்ட மரத்துக்கு ஏன் தண்ணீர் என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். உச்சியில் குருத்து பச்சையாக இருக்கிறவரை விட்டுக்கொண்டே இருங்கள்.